வன்னியில் வீடு வாங்கியவருக்குச் சோலைவரி: அறிவித்தலைப் படிப்பது முதல் பற்றுச்சீட்டைப் பேணுவது வரை

வன்னியில் வீடொன்றை வாங்கியோ கட்டியோ புதிதாகக் குடிபுகுபவருக்கு, மின்சாரப் பட்டியலுக்கு அடுத்தபடியாக வந்து சேரும் அரச கடதாசி பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் வரி அறிவித்தலாகவே இருக்கும். ஊர்ப் பேச்சில் இதனைச் சோலைவரி என்பார்கள். சபையின் கடதாசிகளில் ஆதனவரி என்றும், வர்த்தமானியில் சில வேளைகளில் மதிப்பீட்டு வரி என்றும் காணலாம். மூன்று பெயரும் ஒரே வரியையே குறிக்கின்றன. பெயரில் சோலை இருப்பதால் இது தோட்டத்துக்கோ மரங்களுக்கோ விதிக்கப்படுவது என்று எண்ணி, வெறும் வளவில் வீடு கட்டிய ஒருவர் தனக்கு இது பொருந்தாது என்று ஓராண்டு முழுவதும் அறிவித்தலை மடித்து வைத்திருந்ததை நான் அறிவேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய காலத்தில் அவரைவிடத் திறமையாக நடந்துகொள்ளவில்லை. முன்னைய உரிமையாளர் தந்த பழைய பற்றுச்சீட்டில் இருந்த இலக்கத்தைச் சொல்லி, கேட்ட தொகையைக் கட்டி, இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் ஆண்டு ஒரு சான்றிதழுக்காகச் சபைக்குச் சென்றபோதுதான், நான் கட்டிவந்தது ஒரே காணியாக இருந்து பின்னர் பிரிக்கப்பட்ட பக்கத்து வளவின் இலக்கத்துக்கு என்பதும், என் வீட்டு இலக்கத்தில் இரண்டு ஆண்டு நிலுவை நிற்கிறது என்பதும் தெரிந்தன. அதைச் சரிசெய்ய மூன்று கடிதங்களும் ஐந்து நடைகளும் தேவைப்பட்டன. அறிவித்தலில் உள்ள நான்கு விபரங்களை முதல் ஆண்டிலேயே ஒழுங்காகப் படித்திருந்தால் அவற்றில் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. ஆகவே, பணம் கட்டும் முறையைவிட, கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கே இக்கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், உங்கள் சபை எது?

இக்கேள்வி எளிதாகத் தோன்றினாலும் புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாக அலுவலகம். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, கிராம அலுவலரின் மேற்பார்வை ஆகியன அங்கே நடைபெறுகின்றன. பிரதேச சபை மக்களால் தெரிவுசெய்யப்படும் உள்ளூராட்சி மன்றம். உள்ளூர் வீதிகள், குப்பை அகற்றல், தெருவிளக்கு, சந்தை, கட்டட அனுமதி, சோலைவரி ஆகியன சபைக்கு உரியவை. செயலகத்தின் வாசலில் வரிசையில் நின்று, முறை வந்த பின் ‘இது இங்கே இல்லை’ என்று கேட்டுத் திரும்புபவர்களை ஒவ்வொரு தை மாதமும் காணலாம்.

இரண்டின் எல்லைகளும் எப்போதும் பொருந்துவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஆனால் சபைகள் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய மூன்றே. கண்டாவளைப் பிரிவில் வீடு வைத்திருக்கும் பரந்தன்வாசி தமது வரியைக் கரைச்சிப் பிரதேச சபைக்கே செலுத்த வேண்டும். கிளிநொச்சி நகரத்துக்குத் தனி நகர சபை கிடையாது. நகரமும் கரைச்சிச் சபைக்குள்ளேயே அடங்குகிறது, எனவே ‘கிளிநொச்சிப் பிரதேச சபை’ என்று தேடுபவருக்கு அப்படியொரு பெயர்ப்பலகை எங்கும் அகப்படாது. முல்லைத்தீவு நகரத்தவருக்குக் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை. அம்மாவட்டத்தின் ஏனைய சபைகள் புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்பன. வவுனியா நகரம் 2025 ஆம் ஆண்டு மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் மாநகர சபையாக உறுப்பினர்களைத் தெரிவுசெய்தது. நெடுங்கேணிப் பக்கத்தவருக்கு வவுனியா வடக்குப் பிரதேச சபையும், செட்டிகுளத்தவருக்கு வெங்கலச்செட்டிகுளம் பிரதேச சபையும் உரியவை. மன்னார் நகரத்துக்கு நகர சபை உண்டு. பிரதேச சபைகளை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், மாநகர, நகர சபைகளைத் தனித்தனிக் கட்டளைச் சட்டங்களும் ஆள்கின்றன. வீட்டுக்காரருக்கு நடைமுறையில் தெரியும் வேறுபாடு சிறியது என்றாலும், ஒரு சபையில் கேட்டறிந்த வீதத்தை இன்னொரு சபைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

உங்கள் வீடு எந்தச் சபையின் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அயலவரின் பற்றுச்சீட்டின் தலைப்பைப் பார்ப்பது அதைவிட விரைவான வழி.

வரி விதிக்கப்படும் பகுதிக்குள் இருக்கிறீர்களா?

பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சோலைவரி தானாகவே விழுந்துவிடுவதில்லை. அபிவிருத்தியடைந்த பகுதி என்று உரிய அங்கீகாரத்துடன் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் உள்ள அசையா ஆதனங்களுக்கே சபை இவ்வரியை விதிக்கலாம். நகரத்தின் நடுவிலும் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் இருப்பவர்களுக்கு இது வழமையான செலவாக இருக்க, குளத்துக்கு அப்பால் உள்ள குடியேற்றத்திட்டத்தில் வசிப்பவர் அறிவித்தலையே கண்டிராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சபையின் எல்லைக்குள் இப்பிரகடனத்துக்கு வெளியே கிடக்கும் பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர்வரி என்ற வேறொரு வரி சட்டத்தில் உண்டு. அது காணியின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படும் மிகச் சிறிய தொகை. வீட்டுக்காரர் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

பிரகடனம் விரிவடைந்துகொண்டே போகும் என்பதை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். இன்று வரி இல்லாத ஒழுங்கையில் காணி வாங்குபவர், அடுத்த சில ஆண்டுகளில் கார்ப்பெற் வீதியும் கடைத்தொகுதியும் வரும்போது வரியும் வரும் என்று கணக்கிடுவதே சரி. சபை அடுத்த ஆண்டுக்கு எந்த வரியை எந்த வீதத்தில் அறவிடப் போகிறது என்ற தீர்மானம் அரசாங்க வர்த்தமானியின் உள்ளூராட்சிக்குரிய பகுதியில் வெளியிடப்படும். சபையின் அறிவித்தல் பலகையைப் பார்ப்பதோ, வருமானப் பிரிவில் நேரே கேட்பதோ அதற்கு ஈடாகும்.

அறிவித்தலைப் படிக்கும் முறை

அறிவித்தலில் அல்லது வரிப் பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு: சோலைவரி இலக்கம், உரிமையாளரின் பெயர், வருடாந்தப் பெறுமதி, வரி வீதம். தொகையை இவற்றுக்குப் பின்னரே பாருங்கள். நம்மில் பெரும்பாலானோர் தொகையை மட்டும் பார்த்து, கையில் காசு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டு விடுகிறோம்.

சோலைவரி இலக்கம் என்பது வீதியின் பெயரோடு சேர்த்துச் சபை உங்கள் ஆதனத்துக்கு வழங்கிய அடையாளம். ஒரு காணி பிரிக்கப்படும்போது மூல இலக்கம் ஒரு துண்டோடு நிற்க, மற்றைய துண்டுகளுக்கு 25/1, 25/2 என்பதுபோல் உப இலக்கங்கள் கொடுக்கப்படும். தந்தையின் காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்த இடங்களில், யார் எந்த இலக்கத்துக்குக் கட்டுகிறார்கள் என்பதை ஒருமுறை மூவரும் ஒன்றாக இருந்து சரிபார்ப்பது நன்று. என்னுடைய தவறும் ஒரு சாய்கோட்டுக்கு அப்பால் இருந்த அந்த ஒற்றை இலக்கத்தில்தான் நேர்ந்தது.

வருடாந்தப் பெறுமதியே மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. அது வீட்டின் விற்பனை விலை அன்று. கட்டுவதற்கு ஆன செலவும் அன்று. வீட்டை வாடகைக்கு விட்டால், வழமையான வரிகளையெல்லாம் வாடகைக்காரரே செலுத்துவதாகவும் திருத்த வேலைகளை உரிமையாளர் பார்ப்பதாகவும் வைத்துக்கொண்டு, ஆண்டொன்றுக்கு நியாயமாக எவ்வளவு வாடகை எதிர்பார்க்கலாம் என்பதே அடிப்படை. நீங்கள் உண்மையில் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, நீங்களே குடியிருக்கிறீர்களா என்பது இக்கணக்கைப் பாதிக்காது. இதனை மதிப்பிடுவது சபையின் எழுதுவினைஞர் அல்லர். அரசாங்க விலைமதிப்புத் திணைக்களத்தின் அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று, பரப்பு, கூரை, நிலம், வீதியின் தரம், வீட்டின் பயன்பாடு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். அவர்கள் வரும் நாளில் படலையைத் திறந்து விடுங்கள். வீட்டைப் பார்க்க விடாமல் அனுப்பினால் பெறுமதி குறையும் என்ற நம்பிக்கை ஊரில் உண்டு. வெளியிலிருந்து பார்த்து மதிப்பிட்டால், உள்ளே இன்னும் பூச்சு வேலை முடியாத இரண்டு அறைகளும் முடிந்தவையாகவே கணக்கில் ஏறும் வாய்ப்பு அதிகம்.

முன்னறையில் பலசரக்குக் கடையோ தையற்கடையோ நடத்தினால் ஆதனத்தின் பயன்பாடு மாறுகிறது. அதற்கேற்பப் பெறுமதியும், சில சபைகளில் வீதமும் மாறலாம். வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணமும் வியாபார வரியும் சோலைவரியோடு சேர்ந்தவை அல்ல. அவற்றைத் தனியாகக் கட்ட வேண்டும்.

வரி வீதம் என்பது வருடாந்தப் பெறுமதியின் மீது சபை ஒவ்வோராண்டும் தீர்மானிக்கும் நூற்றுவீதம். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். இலக்கங்கள் கணக்குக்காக மட்டுமே. உங்கள் வீட்டின் வருடாந்தப் பெறுமதி 30,000 ரூபா, சபையின் வீதம் 6% என்று கொண்டால், ஆண்டு வரி 1,800 ரூபா. காலாண்டுக்கு 450 ரூபா. பெறுமதி 30,000 என்று கண்டவுடன் அவ்வளவும் கட்ட வேண்டுமென்று அதிர்ந்து, தவிசாளரைத் தேடிப் போன முதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெறுமதி வேறு, வரி வேறு என்பதை வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெறுமதி சரியில்லை என்று தோன்றினால்

புதிய மதிப்பீடு செய்யப்படும்போது சபை ஒவ்வோர் உரிமையாளருக்கும் மதிப்பீட்டு அறிவித்தலை அனுப்பும். ஆட்சேபணை இருந்தால் அதை எழுத்தில் எந்தத் திகதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அதிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். இத்திகதியே முக்கியமானது. அது கடந்த பின், உங்கள் நியாயம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அடுத்த மதிப்பீடு வரை அதே பெறுமதியோடு வாழ வேண்டியிருக்கும். மதிப்பீடுகள் ஆண்டுதோறும் நடப்பவை அல்ல. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பல ஆண்டுகள் செல்லும் என்பதால், ஒருமுறை விட்ட பிழை பல ஆண்டுகளுக்குக் காசாகும்.

ஆட்சேபணைக் கடிதத்தில் ‘வறுமை’, ‘போரால் பாதிக்கப்பட்டோம்’ என்று எழுதுவது பரவலான வழக்கம். அது உண்மையாக இருப்பினும், மதிப்பீட்டைக் குறைக்க அதனால் பெரிதாகப் பயன் விளைவதில்லை. பெறுமதி வாடகையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், உங்கள் வாதமும் வாடகையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்: ஒரே ஒழுங்கையில் இதே பரப்புள்ள வீட்டின் பெறுமதி எவ்வளவு, உங்கள் வீட்டில் இல்லாத எந்த வசதி அங்கே உண்டு, மாரியில் வெள்ளம் நிற்கும் காணியா, கிணற்று நீர் உவரா, வீடு எத்தனை பங்கு முடிந்திருக்கிறது, பரப்பு அறிவித்தலில் சரியாக இருக்கிறதா என்பனவற்றை எழுதுங்கள். இரண்டு ஒளிப்படங்களையும் நில அளவைப் படத்தின் பிரதியையும் இணைத்து, சபைச் செயலாளருக்கு முகவரியிட்டு, கைப்பட ஒப்படைத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலே உரியது. விசாரணைக்கு அழைக்கப்படும் நாளில் நேரில் செல்லுங்கள். தொடர்ந்தும் திருப்தியில்லை என்றால் நீதிமன்றத்தை நாட வழி உண்டு. சிறு தொகைக்கு அவ்வளவு தூரம் போவது பெரும்பாலும் சட்டத்தரணியின் கட்டணத்துக்கே காணாது என்பது என் கருத்து. கடைத்தொகுதி, விடுதி போன்ற பெரிய ஆதனங்களுக்கு அது வேறு கணக்கு.

ஆட்சேபணை நிலுவையில் இருக்கும் காலத்திலும் வரியைக் கட்டாமல் வைத்திருக்காதீர்கள். குறைக்கப்பட்டால் மிகுதியை எதிர்கால வரியில் சரிக்கட்டக் கேட்கலாம். கட்டாமல் விட்டதற்கு ஏறும் செலவைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதன்று.

பெயர் மாற்றம்

உறுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் காணிப் பதிவகமும் சபையும் தனித்தனி ஏடுகளை வைத்திருக்கின்றன. ஒன்றில் நடந்த மாற்றம் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே வீடு வாங்கியதும் சபையின் வருமானப் பிரிவுக்குச் சென்று, சோலைவரிப் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பெற்று, உறுதியின் பிரதி, நில அளவைப் படத்தின் பிரதி, தேசிய அடையாள அட்டையின் பிரதி, கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு ஒப்படைக்க வேண்டும். சில சபைகள் காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதியையும் கேட்கும். மூலங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. இங்கேதான் வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும்: சோலைவரி ஆளைத் தொடர்வதைவிட ஆதனத்தைத் தொடரும் கடன். முன்னையவர் வைத்துவிட்டுப் போன நிலுவை, வீட்டோடு உங்களிடம் வந்து சேரும். உறுதி எழுதுவதற்கு முன்பே, விற்பவரையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போய், அந்த இலக்கத்தில் நிலுவை எதுவும் இல்லை என்று எழுத்தில் பெறுங்கள். அல்லது நிலுவைத் தொகையை விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசு இதைப் பார்த்துவிடுவார் என்று விட்டுவிட வேண்டாம். சில நொத்தாரிசுகள் கவனமாகப் பார்க்கிறார்கள். வேறு சிலர் உரித்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

உறுதி முடிக்கும்போது செலுத்தப்படும் முத்திரை வரியை வருடாந்த வரியோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. முத்திரை வரி கைமாற்றத்துக்காக ஒருமுறை செலுத்துவது. சோலைவரி ஆண்டுதோறும் வருவது.

சீதனமாக வந்த வீடுகளில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. உறுதி பெண்ணின் பெயரில் இருக்க, சபைக்கு அலைபவர் கணவர் என்பதால், அவருடைய பெயரே வரி ஏட்டில் ஏறிவிடுகிறது. குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரை இது யாருடைய கண்ணிலும் படாது. வங்கிக் கடனுக்கோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கவோ போகும்போது இரண்டு கடதாசிகளில் இரண்டு பெயர்கள் நிற்கும். உறுதியில் யாருடைய பெயர் உள்ளதோ அவருடைய பெயரே வரி ஏட்டிலும் இருக்கட்டும். எழுத்துப் பிழைகளையும் அப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தால்கூடப் பின்னாளில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வரும்.

எப்போது, எப்படிக் கட்டுவது

வரி நான்கு காலாண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. முழு ஆண்டுக்கும் உரிய தொகையை ஜனவரி 31 ஆம் திகதிக்குள் செலுத்தினால் 10% கழிவு கிடைக்கும். அவ்வாறு செய்யாமல், ஒவ்வொரு காலாண்டின் தொகையையும் அதன் முதல் மாதம் முடிவதற்குள், அதாவது ஜனவரி 31, ஏப்பிரல் 30, ஜூலை 31, ஒக்ரோபர் 31 ஆகிய திகதிகளுக்குள் கட்டினால் 5% கழிவு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், முழுவதையும் ஜனவரியில் கட்டுபவர் 1,800 ரூபாவுக்குப் பதிலாக 1,620 ரூபா செலுத்துவார். காலாண்டாகக் கட்டுபவர் ஒவ்வொரு தடவையும் 427 ரூபா 50 சதமாக ஆண்டுக்கு 1,710 ரூபா செலுத்துவார். பழைய நிலுவை இருந்தால் அதை முடித்த பின்னரே கழிவைப் பற்றிப் பேச முடியும்.

ஜனவரி 31 என்ற திகதி மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றது. வயலை நம்பியிருக்கும் வன்னிக் குடும்பத்துக்கு அது ஆண்டின் மிக மோசமான நேரம். காலபோக நெல் வயலில் நிற்கிறது, உரத்துக்கும் மருந்துக்கும் வாங்கிய கடன் கடையில் நிற்கிறது, பொங்கல் செலவும் அப்போதுதான் முடிந்திருக்கிறது, அறுவடைக் காசு கைக்கு வர மாசியோ பங்குனியோ ஆகும். இவ்வாறானவர்கள் 10% கழிவுக்காக வட்டிக்கு வாங்கிக் கட்டுவதில் பொருளில்லை. முதற் காலாண்டை மட்டும் ஜனவரியில் கட்டி, இரண்டாவதை அறுவடை முடிந்த பின் ஏப்பிரலில் கட்டினாலும் 5% கழிவு உறுதி. சிறுபோகம் செய்பவர்கள் அந்த நெல் விற்ற காசில் அடுத்த ஆண்டின் வரித் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டால் ஜனவரியைக் கவலையில்லாமல் சந்திக்கலாம். எனினும் வன்னியில் ஒதுக்கிய காசு ஒதுக்கிய இடத்திலேயே தை மாதம் வரை இருப்பது அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கட்டுவதற்குச் சபையின் தலைமை அலுவலகத்துக்கோ, உங்கள் பகுதிக்குரிய உப அலுவலகத்துக்கோ செல்லலாம். சோலைவரி இலக்கத்தைச் சொல்லி, வருமானப் பிரிவில் தொகையை உறுதிப்படுத்தி, சிறாப்பரிடம் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற வேண்டும். ஜனவரியின் கடைசி மூன்று நாட்களில் வரிசை வாசல் வரை நிற்கும் என்பதால் பொங்கல் முடிந்த வாரமே நல்லது. வருமானப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து அறவிடும் நடைமுறை உள்ள இடங்களில், சபையின் அச்சிட்ட பற்றுச்சீட்டு கைக்கு வராமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். ‘நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன்’ என்பது எவ்வளவு நல்ல மனிதரின் வாயிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதன்று.

பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும், அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன், இலக்கம், பெயர், ஆண்டு, காலாண்டு ஆகியன சரியா என்று பாருங்கள். சில பற்றுச்சீட்டுகளின் மை ஓராண்டுக்குள் மங்கிவிடும். அன்றே ஒரு பிரதி எடுத்து, கைப்பேசியிலும் படம்பிடித்து வையுங்கள்.

கட்டாவிட்டால்

காலாண்டு முடிந்தும் கட்டாத தொகை நிலுவையாகும். நிலுவைக்கு எதிராக, ஊரில் வாரண்டு என்று சொல்லப்படும் கைப்பற்றுகை ஆணையைப் பிறப்பிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. அதற்குரிய செலவும் வரியோடு சேரும். அசையும் பொருட்களைக் கைப்பற்றுவதும், அதன் பின் ஆதனத்தின் மீதே நடவடிக்கை எடுப்பதும் சட்டத்தில் உள்ளவை. ஆனால் தொகை பெருத்துவிட்டதென்றால் அஞ்சி ஒளிவதைவிட, செயலாளரைச் சந்தித்துத் தவணை முறையில் கட்ட எழுத்தில் அனுமதி கேட்பதே நல்லது. சபைக்கும் வேண்டியது வீட்டுக் கதிரை மேசை அன்று, வருமானம்தான்.

பற்றுச்சீட்டு எதை நிரூபிக்கிறது?

வன்னிக்கே உரிய சிக்கல் இதுதான் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். இங்குள்ள காணிகளில் பெரும்பங்கு உறுதிக் காணி அன்று. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களைச் சார்ந்த குடியேற்றத்திட்டங்களிலும் ஏனைய அரச காணிகளிலும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தோடு, பேச்சில் ‘பேர்மிற்’ என்பதோடு, குடியிருப்பவர்களே மிகுதி. சிலர் அனுமதிப்பத்திரத்துக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் பெற்றிருக்கிறார்கள். அரச காணியில் இருப்பவர்களுக்கு முழு உரித்து வழங்கவென 2024 இல் தொடங்கப்பட்ட உறுமய திட்டத்தில் விண்ணப்பித்தவர்களும் உண்டு. இவ்வகைக் காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதியின்றிக் கைமாற்றுவது செல்லாது. அப்படியிருந்தும் ஒரு முத்திரைக் கடதாசியில் ஒப்பந்தம் எழுதி, காசு கொடுத்து, குடிவந்து, பின் சபையில் தம் பெயருக்கு வரி கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிவிட்டால் காணி தமதாகிவிட்டது என்று நம்புபவர்கள் பலர்.

சோலைவரியை உரிமையாளரிடமும் அறவிடலாம், குடியிருப்பவரிடமும் அறவிடலாம். ஆகவே உங்களிடம் வரி வாங்கியதன் மூலம் சபை உங்களை உரிமையாளராக ஏற்றுக்கொண்டது என்று பொருளாகாது. காணியின் உரித்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் சபைக்கு இல்லை. அனுமதிப்பத்திரக் காணியில் பெயர் மாற்ற வேண்டுமெனில் முதலில் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளர் (அடுத்து காணியைப் பெறுபவர்) நியமனமோ கைமாற்ற அனுமதியோ நடைபெற வேண்டும். அதன் கடிதத்தோடு சபைக்குப் போவதே முறை. அனுமதிப்பத்திரத்துக்காகச் செயலகத்தில் ஏதும் வருடாந்தக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தால் அதுவும் சோலைவரியும் ஒன்றையொன்று ஈடுசெய்யா.

இதனால் பற்றுச்சீட்டு பயனற்றது என்று எண்ண வேண்டாம். தனியார் காணி பற்றிய வழக்குகளில், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி காணியை 10 ஆண்டுகளுக்கு மேல் இடையறாது தம் கைவசம் வைத்திருந்த ஆட்சியைக் காட்ட விரும்புபவர்கள், ஏனைய சான்றுகளோடு வரிப் பற்றுச்சீட்டுகளையும் கொண்டு வருவார்கள். அரச காணிக்கு எதிராக அந்த வாதம் எடுபடாது. இடப்பெயர்வுகளில் உறுதியையே தொலைத்த குடும்பங்கள், காணியின் விபரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோலைவரித் துண்டு உதவியதையும் கண்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், அது உங்களைப் பற்றிய ஒரு சாட்சி, உரித்து அன்று.

வெளிநாட்டில் அல்லது கொழும்பில் இருந்துகொண்டு வன்னியில் வீடு வைத்திருப்பவர்கள் இதிலிருந்து ஒரு காரியத்தைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வரியைக் கட்டலாம். ஆனால் பற்றுச்சீட்டு உரிமையாளரின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும், மூலப் பற்றுச்சீட்டு ஆண்டுதோறும் உரிமையாளரின் கைக்கு வர வேண்டும். ஆட்சேபணை, பெயர் மாற்றம் போன்றவற்றுக்குப் பார்த்துக்கொள்பவரை அனுப்புவதென்றால், உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அட்டோர்ணித் தத்துவம் முடித்துக் கொடுங்கள். மாமா, மச்சான் என்று உறவு நெருக்கமாக இருக்கும் இடத்தில் இதைக் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டு வாங்கிவிட்டால் உறவு நிலைக்கும். கேட்காமல் விட்டதால் முறிந்த உறவுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சபையில் பதில் கிடைக்காதபோது

கணக்கில் பிழை, பெயர் மாற்றத்தில் தாமதம் போன்றவற்றுக்கு முதலில் வருமானப் பிரிவு, பின் செயலாளர், அதன் பின் தவிசாளர் அல்லது உங்கள் வட்டார உறுப்பினர் என்ற ஒழுங்கில் செல்லுங்கள். அதற்கு மேல், மாவட்டத்துக்குரிய உள்ளூராட்சி உதவி ஆணையாளரின் அலுவலகம் இருக்கிறது. உங்கள் ஆதனத்தின் மதிப்பீட்டு விபரம் எப்படி எழுதப்பட்டது என்பது போன்ற தகவல்களை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். என் இரண்டு ஆண்டுக் குழப்பம் தீர்ந்தது, சண்டை பிடித்ததால் அன்று. இரண்டு இலக்கங்களின் பழைய விபரங்களையும் ஒரே தாளில் எழுதி, பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணைத்துக் கொடுத்த மூன்றாவது கடிதத்தால்தான். அதற்கு முந்திய இரண்டு கடிதங்களிலும் என் மனவருத்தத்தை மட்டுமே விரிவாக எழுதியிருந்தேன்.

எதை எங்கே வைப்பது

தெருக்கோட்டுச் சான்றிதழ் (வீதியின் எல்லைக் கோடு காணியில் எங்கே விழுகிறது என்று சபை தருவது), கட்டட வரைபட அனுமதி, வங்கிக் கடன், மறுபடியும் விற்பனை என எதற்குப் போனாலும் நடப்பு ஆண்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டைக் கேட்பார்கள். ஆகவே ஒரு கோவையில் உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நில அளவைப் படம், மதிப்பீட்டு அறிவித்தல், பெயர் மாற்றக் கடிதம், ஆண்டு வரிசையில் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை அடுக்கி வையுங்கள். கோவையின் முதற் பக்கத்தில் சோலைவரி இலக்கத்தையும் வீதியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாரியில் வெள்ளம் ஏறும் இடமென்றால் கோவையைப் பிளாஸ்ரிக் பையில் இட்டு அலுமாரியின் மேற்தட்டில் வைப்பதும், இன்னொரு தொகுதிப் பிரதிகளை வேறு வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது. என் கோவையின் இரண்டாவது தொகுதி இப்போது பக்கத்து வளவுக்காரரிடம் இருக்கிறது; அவருடைய வரியை இரண்டு ஆண்டு கட்டியவன் என்ற முறையில் அந்த உதவியை அவர் மறுக்கவில்லை.